ஐஸ்கிரீம் பெட்டியில் மீன்குழம்பு

அக்கா வீட்டுக் கூடத்தில் சோபா போடவேண்டிய இடத்தில் ஓர் ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு கூல்டிரிங்க்ஸ் கடையை மூடியபோது மாமா வாங்கி வந்தது. மேலே தள்ளித் திறக்கும் கண்ணாடிக் கதவு. பக்கவாட்டில் வெயிலில் வெளுத்துப்போன கோன் ஐஸ் படம். அந்தப் படத்தை நம்பித் தெருப் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். "ஐஸ் இல்லடா, வத்தக் கொழம்பு தான் கீது, வேணுமா?" என்று மாமா கேட்டதும் ஓடிவிடுவார்கள்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். படிப்பை முடித்து சிப்காட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அக்கா சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மின்சார ரயிலில் போய்வருவாள். மாமாவுக்கு இரும்புக் கம்பி இழுக்கும் ரோலிங் மில்லில் வேலை. இருவருக்குமே ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் அவர் உள்ளே வரும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள்; வாசற்படியில் நின்றபடியே பிள்ளையின் பரீட்சையையும் கேஸ் சிலிண்டரையும் பேசி முடித்துக்கொள்வார்கள். ஒரே மகள், தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் மூன்று வேளையில் சாப்பிடும் வீட்டில் யார் சமைப்பது என்ற கேள்விக்கு மாமா கண்ட பதில் அந்தப் பெட்டி.

வார விடுமுறை நாளில் காலை நாஷ்டா முடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போவார். வெங்காயமும் தக்காளியும் எண்ணெய் பிரியும்வரை வதங்கித் தொக்காகும். புளியைக் கரைத்து ஐஸ் தட்டுகளில் ஊற்றி வைப்பார். உறைந்த கட்டி ஒன்றை எடுத்துப் போட்டால் ஒரு ரசத்துக்குச் சரியாக இருக்கும். சப்பாத்தியை அரைவேக்காட்டில் எடுத்து நடுவே தாள் வைத்து அடுக்குவார். கறிக்குழம்பு, கொண்டைக்கடலை, கீரைக் கடைசல் எல்லாம் ஆறும்வரை மின்விசிறியின் கீழ் வரிசையாக நிற்கும். ஆறாததைப் பெட்டிக்குள் வைக்க அவர் யாரையும் விட்டதில்லை. நானும் அக்காவும் நறுக்கிக் கொடுப்போம், பாத்திரம் கழுவுவோம். ஆனால் அடுப்பு அவருடையது. "பசி வர்றதுக்கு முன்ன சமைச்சிடணும். பசி வந்தப்பறம் சமைச்சா கோவம் தான் வேவும்" என்பார்.

ஆண்பிள்ளை இப்படி அடுப்படியில் நிற்கிறாரே என்று அக்கம்பக்கத்தில் பேச்சு இருந்தது. அதைப் பற்றி ஒருமுறை அவரிடமே கேட்டேன். அவர் ஆரம்பாக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். "எங்கம்மா நாள் பூரா நாத்து நட்டுட்டு வரும். சேறு காயாத காலோட அடுப்பு முன்ன குந்தும். நாங்க தட்ட வெச்சிகினு சுத்தி குந்திகினு இருப்போம். அத பாத்து வளந்தவன் நானு. உங்கக்கா டூட்டி முடிச்சி வந்து அந்த மாதிரி குந்தக் கூடாது" என்றார். தலை குனிந்து வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னதால் முகம் சரியாகத் தெரியவில்லை.

ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று தடம் விலகி அவருடைய வலது கையில் உரசிச் சென்றது. உள்ளங்கையும் மணிக்கட்டும் வெந்துபோயின. தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கவேண்டும் என்றார்கள். அக்கா விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவமனையிலேயே இருந்தாள். பிள்ளையையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து எங்கள் அம்மா வந்து சேர்ந்தாள்.

அம்மா சொந்த நிலத்தில் விளைந்த நெல்லைக் குத்தி, மூன்று வேளையும் சுடச்சுட ஆக்கிப் போட்டுப் பழகியவள். அந்தப் பெட்டியை அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்காது. மாமா வீடு திரும்புவதற்கு முந்திய நாள் நான் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது கொல்லையில் டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. பெட்டியின் மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குக் கீழே, கறிக்குழம்பு இருந்த இடத்தில், தலையணைகளும் போர்வைகளும் மடித்து அடுக்கப்பட்டிருந்தன.

"இன்னாம்மா பண்ணி வெச்சிகிற?" என்று கத்தினேன்.

"ஒடம்பு சரியில்லாத மனுசனுக்கு ஐஸ்ல கெடந்த கொழம்பா? நான் உசுரோட இருக்கசொல்ல?" என்றாள் அம்மா. அவள் செய்தது அவ்வளவும் மருமகன்மேல் இருந்த அக்கறையில்தான். அதனால் அதற்குமேல் என்னால் சண்டை போட முடியவில்லை.

மறுநாள் மாமா வந்தார். முழங்கைவரை கட்டு. கூடத்துக்குள் வந்தவர் பெட்டிக்குள் இருந்த தலையணைகளைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். அக்காவுக்கு இரவு டூட்டி வரும் வாரங்களுக்காகவும் பிள்ளையின் பரீட்சை நாட்களுக்காகவும் அவர் பல வாரம் சமைத்துச் சேர்த்துவைத்ததையெல்லாம் அம்மா கொட்டிவிட்டிருந்தாள். உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா இஞ்சி தட்டிப்போட்டு ரசமும், நெய் விட்டுக் குழைத்த சோறும் கொண்டுபோய் வைத்தாள். மகள் அவருக்கு ஊட்டிவிட்டாள். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்றுவிட்டார். அதற்கு அடுத்த நாட்களும் அப்படித்தான் போயின. வலியைவிடச் சும்மா இருப்பதுதான் அவரை வாட்டுகிறது என்று அக்கா சொன்னாள்.

வீடு திரும்பிய பிறகு அவர் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது ஒரு நாணயத்தால். மின்வெட்டு எவ்வளவு நேரம் இருந்தது என்று கண்டுபிடிக்க மாமா பெட்டிக்குள் ஒரு தம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்திருப்பார். நாம் வீட்டில் இல்லாதபோது மின்சாரம் போய் ஐஸ் உருகினால் நாணயம் உள்ளே இறங்கிவிடும். அப்போது அந்த உணவைச் சாப்பிடக் கூடாது. பெட்டியைக் காலி செய்த அம்மாவுக்கு இது தெரியாது. குழம்பையெல்லாம் கொட்டியவள் அந்த நாணயத்தை மட்டும் மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் பத்திரமாக வைத்திருந்தாள்.

"அது இன்னா அத்த முடிச்சு?" என்று மாமா கேட்டார்.

"உங்க வேண்டுதல் காசு தான் மாப்ள. பொட்டிக்குள்ள வெச்சிருந்தீங்களே. எந்த சாமிக்குன்னு தெரியல, அதான் இங்கியே வெச்சிட்டேன்."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். கட்டுப்போட்ட கை அதிர்ந்து வலித்தது. வலித்தும் நிறுத்த முடியவில்லை. காரணம் தெரிந்ததும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு அவர் தட்டில் மீதி வைக்கவில்லை.

ஆனால் உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. அக்காவின் விடுப்பு முடிந்தது. வேலைக்கு வருகிறாயா இல்லையா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். ஊரில் அறுப்பு நெருங்கியதால் அம்மாவும் திரும்பியாக வேண்டும். எனக்கும் ஷிப்ட். "வேலைய உட்டுட்டு புருசன பாத்துக்க. கை கால் நல்லா ஆனப்பறம் வேற வேல தேடிக்கலாம்" என்றாள் அம்மா. அக்கா சீருடையைத் துவைத்து மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். அவள் மனத்தில் முடிவெடுத்துவிட்டாள் என்பது எங்களுக்குத் தெரிந்தது.

மாமா கூடத்துக்கு எழுந்து வந்தார். அம்மா வழக்கம்போல எழுந்து கதவோரம் ஒதுங்கினாள். மருமகன் எதிரில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அவ வேலைய உடக் கூடாது அத்த. இந்தக் கை இனிமே மில்லுக்கு ஆவுமோ ஆவாதோ, டாக்டருக்கே தெரியல. இந்த ஊட்ல ஒருத்தராவது நிமுந்து நிக்கணும் இல்ல?"

"அப்போ சோறு, மாப்ள? கொயந்த பசியோட வருமே."

"அதுக்கு தான் உங்களாண்ட கேக்கறேன். ஊருக்குப் போறதுக்கு முன்ன ஒரே ஒரு ஞாயித்துக்கெழம எனக்குக் கையா இருங்க. நான் சொல்றேன், நீங்க செய்ங்க. மிச்சத்த அந்தப் பொட்டி பாத்துக்கும்."

அம்மா போய்ப் பெட்டியிலிருந்து தலையணைகளை எடுத்து வெளியே வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை என்னால் மறக்கமுடியாது. அடுக்களை வாசலில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்பின் முன்னால். ஆயுசில் யாரும் அவளுக்குச் சமைக்கச் சொல்லிக்கொடுத்ததில்லை. மருமகன் சொல்லிக் கேட்பது அவளுக்கு மலையை நகர்த்துவதுபோல இருந்தது. குருமாவுக்கு உருளைக்கிழங்கை அரிந்து வைத்திருந்தாள்.

"கெழங்கு வாணாம் அத்த. ஐஸ்ல வெச்சா மணலாட்டம் ஆய்டும்."

"கெழங்கு இல்லாம இன்னா குருமா?"

"சாப்படற அன்னிக்கி வேவ வெச்சி போட்டுக்கலாம்."

டப்பாவில் விளிம்புவரை ஊற்றினாள். உறையும்போது குழம்பு உப்பி மூடியைத் தள்ளிவிடும், ஒரு விரற்கடை குறைத்து ஊற்றுங்கள் என்றார். முருங்கைக்காய் நாராகிவிடும் என்றார். அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஹும்" கொட்டினாள். மீன்குழம்பு முறை வந்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "மீனப் போயி இந்தப் பொட்டியில வெக்கறதா? அது மட்டும் என்னால ஆவாது மாப்ள."

"மீன வெக்க வாணாம். கொழம்ப மட்டும் கூட்டி வெப்போம். அன்னிக்கி மீன் வாங்கியாந்து ஒரு கொதி உட்டா போதும். அத்த, ஒண்ணு கேக்கறேன், மீன் கொழம்பு வெச்ச அன்னிக்கி ருசியா, மறுநாளு ருசியா?"

"மறுநாளு தான்" என்று அம்மா தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். நான் அம்மியில் மசாலாவை வழித்துக்கொண்டே சிரிப்பை அடக்கினேன். மதியத்துக்குமேல் கால் வலி தாங்காமல் அம்மா அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். மருமகனுக்கு எதிரில்தான். இருவருக்குமே அது தோன்றவில்லை. பூண்டு உரித்துக்கொண்டே புளியின் அளவைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அக்கா சீருடையை எடுத்து உடுத்திக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.

அறுப்பு முடிந்ததும் அம்மா அடிக்கடி வந்தாள். சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து வந்து, ஞாயிறு முழுக்க முக்காலியிலிருந்து வரும் உத்தரவுகளோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்புவாள். மாமாவின் விரல்கள் இன்றைக்கும் முழுதாக மடங்குவதில்லை. மில்லில் அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகிக்கொண்டார். கத்தி பிடிக்கத்தான் நாளாயிற்று. அதுவரை வெங்காயம் நறுக்கியது அம்மாதான். அக்கா இப்போது அவளுடைய வார்டுக்குப் பொறுப்பாளர். மகள் கல்லூரிக்குப் போகிறாள்.

எனக்குத் திருமணமாகிச் சோழவரம் வந்தாகிவிட்டது. இருவரும் வேலைக்குப் போகிறோம். என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் புளிக்கட்டிகளும் தொக்கும் எப்போதும் இருக்கும். வேலை முடிந்து வரும் மாலைகளில் ஒரு டப்பாவை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்கார முடிகிறது. இதைப் பெரிய விஷயமாக யாரும் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய விஷயம்தான்.

போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாப்பாட்டுக்கு என்ன செய்வார்களோ என்ற கவலையோடு தூக்குவாளிகளில் சமைத்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் நின்றது எங்கள் அப்பா. தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடித்து நான் பார்த்திராத அப்பா.

"தணல கம்மி பண்ணு. அவசரப்பட்டா அடி புடிச்சிக்கும்" என்று உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனுக்கு முந்திய வாரமே எல்லாவற்றையும் சமைத்து, ஆறவைத்து, டப்பாக்களில் விரற்கடை குறைத்து ஊற்றித் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை நிரப்பிவிட்டாளாம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்பா சோறும் குழம்பும் போட்டுத் தட்டை அவள் கையில் கொடுத்தார். அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள்.

"உப்பு கம்மியாகீது."

"ஆக்கனது நீ தானே" என்றார் அப்பா.

அம்மா இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள். "மாப்ள பக்கத்துல இருந்திருந்தா பாத்து போடச் சொல்லியிருப்பாரு" என்றாள்.

மருமகனின் சமையலைப் பற்றி அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். மாமாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அடுப்பை அணைக்கிற சத்தம்.

"இன்னாம்மா சொன்ன? அத்தையா அப்டி சொன்னாங்க?" என்றார். "எங்க, இன்னொருவாட்டி சொல்லு."