செல்வரட்ணத்தின் தகரக் காசு

பனங்கட்டியைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டுதான் செல்வரட்ணம் பிளேன்ரீயை வாயில் வைப்பார். பக்ரறியில் கால் மணி நேர பிரேக். அதற்குள் இரண்டு கோப்பை. யார் கேட்டாலும் ஜக்கெற் பையிலிருந்து ஒரு பனங்கட்டி வரும். ஆனால் ஐந்து சதம் கையில் கிடைத்தாலும் விளிம்பை நகத்தால் சுரண்டாமல் விடமாட்டார். "ஒருக்கா ஏமாந்தவன் பாக்கத்தான் வேணும்" என்பார்.

சண்டையால் குடாநாட்டுக்கு வழி அடைபட்டிருந்த காலத்தில் ஊரில் அவருக்குப் பலசரக்குக் கடை. சீனி இல்லை, சவர்க்காரம் இல்லை, கடைசியில் சில்லறையும் இல்லை. பிஸ்கற் ரின்னை வெட்டி, ஆணியால் ஒரு மீன் அடையாளம் குத்தி, மிச்சக் காசுக்குப் பதிலாகக் கொடுத்தார். ஒரு தகரத்துக்கு ஒரு பனங்கட்டி. "கோட்டைக்குள்ள அடைபட்டா ராசாவும் இதைத்தான் செய்வான்" என்று பெருமை வேறு.

தகரம் வெட்டிக் கொடுத்தவர் பக்கத்துப் பட்டறைக் கஸ்பர். வெட்டியது இருநூறு. திரும்பி வந்ததோ இருநூற்றுப் பதினொன்று. தகரக் கத்தரி ஊரில் வேறு யாரிடம் இருக்கிறது? கடைவாசலில் நாலு பேர் பார்க்க, செல்வரட்ணம் கஸ்பரிடம், "கள்ளக்காசு அடிச்ச கை உது" என்றுவிட்டார். கஸ்பர் திரும்பி நடந்து பட்டறைக் கதவைச் சாத்தினார். இப்போது இருவரும் புலம்பெயர்ந்து ஒரே நகரத்தில்; அவர் மேற்கே ரெக்ஸ்டேலில், இவர் கிழக்கே மல்வேர்னில். கலியாண வீட்டில் கண்டால் ஆளுக்கொரு மூலை.

போன மாதம் ஒரு சாமத்தியச் சடங்கில் ஊர்க்காரி புனிதவதி பக்கத்தில் வந்திருந்து ஒரு தகரத்தை நீட்டினார். புருஷனின் ஆண்டுத்திவசம் முடிந்து அவர் வந்த முதல் சடங்கு அது.

"அண்ணை, என்ர மனுசன்தான் இதை வெட்டினவர். பிள்ளையளுக்குப் பனங்கட்டி இல்லாம வெறுந்தேத்தண்ணி குடுக்க மனமில்லாமச் செய்தவராம். பதினொண்டு மாத்தினதாம், இது மிஞ்சினது. சாகேக்கதான் சொன்னவர்."

செல்வரட்ணம் விளிம்பைச் சுரண்டினார். பிஸ்கற் ரின் இல்லை, மெல்லிய பால்மா ரின். அன்றைக்கு எண்ணத் தெரிந்த மனுஷனுக்குப் பார்க்கத் தெரியவில்லை. பந்தியில் உட்காராமலே வீடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பஸ் மாறி ரெக்ஸ்டேலுக்குப் போனார். கதவைத் திறந்த கஸ்பர் அதைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். செல்வரட்ணம் தகரத்தைக் கொடுத்து, நின்ற நிலையிலேயே நடந்ததைச் சொன்னார். "நாலு பேருக்கு முன்னால சொன்னனான். அந்த நாலு பேரிட்டையும் போய்ச் சொல்லுறன்" என்றார்.

கஸ்பர் தகரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெட்டு முழுக்கக் கோணல். நான் இப்பிடி வெட்டுவன் எண்டு நினைச்சனியே?"

தகரத்தைச் செல்வரட்ணத்தின் கையில் திரும்ப வைத்தார். பிறகு தன் உள்ளங்கையை விரித்து நீட்டியபடி நின்றார். செல்வரட்ணம் பனங்கட்டிக்கு ஜக்கெற் பைக்குள் கையை விட்டார்.