கீறல் விழாத கை

எங்கள் வீட்டில் அண்ணனுடைய வலது கைக்கு இருந்த மரியாதை, அப்பா உயிரோடு இருந்தவரை அவருக்குக்கூட இருந்ததில்லை. அந்தக் கையால் அவன் கொதிக்கிற பாத்திரத்தைத் தொடக்கூடாது, தேங்காய் உடைக்கக்கூடாது. மாநில அளவில் கேரம் ஆடிய கை. விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு ரயில்வே வேலை நிச்சயம் என்று புளியந்தோப்பில் எங்கள் தெருவே பேசிக்கொண்டது. அந்த வேலையை நம்பித்தான் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

தேர்வுக்குக் கூப்பிடும்வரை வயிறு காத்திருக்குமா? திருவொற்றியூரில் ஒரு ஷெட்டுக்கு அண்ணனும் நானும் வேலைக்குப் போனோம். புது நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அண்ணா நகர்க்காரர் ஒருவர் ராணுவ ஏலத்தில் பழைய ஜீப்புகளை எடுத்துவந்து, புதுக்கிக் கண்காட்சிகளுக்கு ஓட்டிப்போவார். பழைய பெயின்டைத் தேய்த்து இரும்பைக் காட்டுவது எங்கள் வேலை. பச்சைக்குக் கீழே மண் நிறம், அதற்கும் கீழே இன்னொரு பச்சை, அடியில் சிவப்பு.

அந்த மனிதரைத் திட்ட எனக்கு ஆசைதான், ஆனால் முடியவில்லை. முகமூடி வாங்கித் தந்தார், ரப்பர் கிளவுஸ் தந்தார். "இந்தப் பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும். தண்ணி விட்டுத்தான் தேய்க்கணும், தூசி பறக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே ஈரத்தோடு தேய்த்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் கதவு முழுக்கத் துரு. எங்கள் கடற்காற்றுக்கு ஈர இரும்பு என்றால் அல்வா.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "அவருக்கு இன்னா நைனா, அண்ணா நகர் காத்து. இங்க உப்புக்காத்து அடிச்சிகினு கீது. தண்ணி வுட்டா தெனம் துருவத்தான் தேச்சிகினு இருப்ப. சும்மா உப்புத்தாள வெச்சித் தேயி."

அன்றிலிருந்து காய்ந்த உப்புத்தாள்தான். ஷெட்டுக்குள் பச்சைத் தூசி பறந்தது. புழுக்கம் தாங்காமல் நான் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டேன். அண்ணன் ஒழுங்காக மாட்டிக்கொண்டான். கிளவுஸும் அவன் ஒருவன்தான் போட்டான். முதலில் வலது கைக்கு, அப்புறம்தான் இடதுக்கு. தகரம் விரலைக் கிழித்துவிட்டால் ஆட்டம் போச்சே என்ற பயம் அவனுக்கு.

தூசி வேலைக்கு எங்கள் பக்கம் ஒரு வைத்தியம் உண்டு. நடுநடுவே ஒரு துண்டு வெல்லம் தின்றால், நெஞ்சில் ஒட்டிய தூசியை அது வழித்து வயிற்றுக்கு இறக்கிவிடுமாம். சிமென்ட் மூட்டை தூக்குகிறவர்கள், நிலக்கரி இறக்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் தின்பார்கள். எங்கள் ஷெட்டில் வெல்லம் ஜீப்பின் மட்கார்டு மேல் பேப்பரில் திறந்தே கிடக்கும். படிந்த தூசியை ஊதிவிட்டு வாயில் போடுவார்கள். எனக்குச் சொத்தைப் பல், வெல்லம் பட்டால் உயிர் போய்த் திரும்பும். அதனால் தொடவில்லை. அண்ணனோ உடம்பைப் பேணுகிறவன். மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தின்றான். முகமூடியை இறக்கி, தூசி அப்பிய கிளவுஸாலேயே எடுத்துப் போட்டுக்கொள்வான்.

முதலில் வயிற்றுவலி வந்தது. சூடு என்று அம்மா மோர் கொடுத்தாள். ஒரு சாயங்காலம் கேரம் கிளப்பில் அவன் சுண்டிய ஸ்டிரைக்கர் பாதிப் பலகையில் நின்றுவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பவுடர் போதவில்லை என்று இன்னும் தூவினான். மறுபடி சுண்டப் போனான். விரல் எழவில்லை. மணிக்கட்டிலிருந்து கை தொங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஈறைப் பார்த்தார்கள். வெல்லக் கதையைக் கேட்டதும் டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "ஈயம் வாய் வழியா உள்ள போயிருக்கு, நரம்பைப் பிடிச்சிடுச்சு. இனிமே அந்த வேலைக்குப் போகக்கூடாது. கை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்."

அம்மா நம்பவில்லை. "பித்தளப் பாத்திரத்துக்கு ஈயம் பூசித்தான துன்னோம். யார இன்னா பண்ச்சி?" அது வெள்ளீயம், இது வேறு ஈயம் என்றார் டாக்டரம்மா.

ரயில்வேயிலிருந்து தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். பலகை மேல் அண்ணன் வைத்த கையை ஒரு அதிகாரி புரட்டிப் பார்த்து, "அடி ஒண்ணும் படலையே" என்றார். உண்மைதான், ஒரு கீறல்கூட இல்லை. வெளியே வந்து அண்ணன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. முகமூடி கொடுத்தவரையா, துருவுக்குப் பயந்தவரையா? இன்றைக்கும் எனக்கு ஆள் அகப்படவில்லை.

மருந்தில் வயிறு சரியாயிற்று. கை வரவில்லை. என் ஒருவன் கூலியில் வீடு ஓடவும் இல்லை. மழைக்காலம் முடிந்து ஷெட்டுக்கு ஒரு ராணுவ லாரி வந்தபோது, அண்ணன் தானும் வருவதாகச் சொன்னான். டாக்டரம்மா சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

"வேற எவன்டா இந்தக் கைக்கு வேலை குடுப்பான்? சுண்டத்தான் வெரலத் தூக்கணும். தேய்க்க அமுக்குனா போதும்டா."

அவன் சொன்னது சரிதான். உள்ளங்கைக்கு அடியில் உப்புத்தாளை வைத்து அமுக்கினால் அந்தக் கை நன்றாகவே தேய்த்தது. வெல்லத்தை மட்டும் விட்டுவிட்டான். தினமும் ஷெட்டுக்குள் நுழைந்ததும் என் முன்னால் வந்து நிற்பான். தொங்குகிற விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி நான் கிளவுஸ் மாட்டிவிட வேண்டும்.

"மொதல்ல ரைட்டுடா" என்பான்.