பகையாளி வெட்டிய குழி

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் பொதுச் சாக்கில் போடுவோம். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அந்த அரிசியில்தான் அவர்களுக்குச் சோறு. குழி வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும் போயாக வேண்டும். இலங்கையில், ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே இருந்த எங்கள் தோட்டத்தில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் தவறியதுமில்லை.

தமிழர்களை வெட்டியும் எரித்தும் கலவரம் நடந்த எண்பத்து மூன்றில் எனக்குப் பத்தொன்பது வயது. பகல் பதினொரு மணி இருக்கும். அம்மாவும் நானும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கீழே ரோட்டில் இரண்டு லொறிகள் நின்றன. கத்தியும் பொல்லும் மண்ணெண்ணெய்க் கேனுமாக ஆட்கள் குதித்தார்கள். அப்பா காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். ஓடினோம். லயத்துக்கு மேலே வந்தபோது கூரை எரிந்துகொண்டிருந்தது. அம்மா என்னை இழுத்துத் தேயிலைக்குள் படுக்கவைத்தாள்.

அப்பா இருமிக்கொண்டே வெளியே வந்தார். ஒருவன் அவர் முழங்காலில் பொல்லால் அடித்தான். விழுந்தவரை இன்னொருவன் கழுத்தில் இரண்டு முறை வெட்டினான். அம்மாவின் உள்ளங்கை என் வாயை அடைத்திருந்தது. அதைக் கடித்தேன். அவள் கையை எடுக்கவேயில்லை.

லொறிகள் போன பிறகு, திரும்பவும் வருவார்கள் என்று எல்லாரும் காட்டுக்குள் ஓடினார்கள். அம்மாவும் நானும் அப்பாவுக்குக் குழி வெட்ட அலவாங்குக் கடப்பாரையால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தோம். லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான காம்பராவில் குடியிருந்தவர் வந்தார். காய்கறி போடும் துண்டு நிலத்துக்கான சண்டையில் அப்பா அவருடைய பல்லை உடைத்ததிலிருந்து மூன்று வருஷமாக இருவரும் முகம் பார்த்ததில்லை. வெட்டுப்பட்ட இடக்கையைத் துவாயால் கட்டியிருந்தார்.

"நீங்க போங்க மாமா, ரத்தம் கொட்டுது" என்றேன்.

"ஒங்கப்பன் என் பல்ல ஒடச்சான், நெசந்தான். அதுக்குன்னு குழி வெட்ட வராம இருப்பேனா? அலவாங்கக் குடு புள்ள."

ஒற்றைக் கையால் குத்தினார். நாங்கள் மண்ணை அள்ளினோம். இடுப்பளவு ஆழம்கூட வரவில்லை. அப்பாவை அம்மாவின் சேலையில் சுற்றி இறக்கினோம். அரிசிச் சாக்கு கரியாகிக் கிடந்தது. கருகாத அரிசியைப் பொறுக்கி அவர்தான் கஞ்சி காய்ச்சினார். மண்ணெண்ணெய் நாற்றம். குடித்ததும் வாந்தியெடுத்தேன்.

பிறகு மாத்தளையில் பள்ளிக்கூடத்தில் இருந்த அகதி முகாமில் அவர் கை சீழ்பிடித்தது. ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். நாங்கள் வடக்கே தமிழர்கள் இருந்த வவுனியாவுக்குப் போனோம், அவர் தோட்டத்துக்கே திரும்பினார். வெட்டியவனின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். பல வருஷம் அவனைக் கனவில் கொன்றிருக்கிறேன், அப்பாவை வெட்டிய அதே இடத்தில், கழுத்தில்.