டிரை ஐஸும் மூடிய ஜன்னலும்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். காசிமேட்டிலிருந்து மாத்தூரில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கால் டாக்சியில் போய்க்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு தெர்மகோல் பெட்டி. அதற்குள் டிரை ஐஸ்.

நான் அறிவியல் டீச்சர். திண்மத்தில் மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கும், திரவத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரும், வாயுவில் கிடைத்த இடத்தையெல்லாம் நிரப்பும் என்று வருடா வருடம் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. டிரை ஐஸ் என்பது கட்டியாக உறைந்த கார்பன் டை ஆக்சைடு. உருகித் தண்ணீர் போல் ஆகாமல் நேராக வாயுவாகிவிடும். மறுநாள் வகுப்பில் காட்டினால் பசங்க வாயைப் பிளப்பார்கள் என்று ஆசை. இறால் பேக்கிங்கில் வேலை செய்யும் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கினேன். காலைக்குள் பாதி காணாமல் போய்விடுமே என்று பெட்டி நிறையவே வாங்கினேன். "கையால தொடாதீங்கோ டீச்சர், தோலு புட்டுக்கும். மூடிய டேப்பு போட்டு ஒட்டாதீங்கோ, வெடிச்சிரும்" என்றார் அவர். இரண்டையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன்.

ரசாயன ஆலைகள் நிறைந்த மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. "ஜன்னல தொறக்காதீங்க மேடம், ஒரே கலீஜு நாத்தம்" என்ற டிரைவர், வெளிக்காற்று வராதபடி ஏசியை மாற்றி வைத்தார். எங்கள் ஏரியாவில் எல்லாருக்கும் மூக்குதான் கணக்கு. நாற்றம் அடித்தால் ஜன்னலைச் சாத்துவோம், அடிக்காவிட்டால் நல்ல காற்று என்று நம்புவோம். காருக்குள் எந்த நாற்றமும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தலை வலித்தது. நெஞ்சு படபடத்தது. சாப்பிடாமல் கிளம்பியதன் பலன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். டிரைவர் ஏசியிலும் வேர்வையைத் துடைத்தார், கொட்டாவி விட்டார். மகள் வேகவேகமாக மூச்சு விட்டாள். கனவு காண்கிறாள் போல என்று விட்டுவிட்டேன்.

முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. எங்கள் கார் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தது எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. பின்னால் நின்ற லாரியின் டிரைவர் இறங்கி வந்து கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். "இன்னாபா, தூங்கினு கீறியா? வண்டிய எடுப்பியா மாட்டியா?"

எங்கள் டிரைவருக்குக் கோபம். சண்டை போடக் கதவைத் திறந்து இறங்கினார். இறங்கியவர் கால் மடங்கிச் சாய்ந்தார். "சரக்கு வுட்டுகினா வண்டி ஓட்ற நீ?" என்று திட்டிக்கொண்டே லாரிக்காரர் அவரைத் தாங்கிப் பிடித்தார்.

உள்ளே காற்று வந்தது. என் கால்களைச் சுற்றி வெள்ளைப் புகை மெல்ல அசைவதைப் பார்த்தேன். பெட்டியிலிருந்து கசிந்த நாற்றமில்லாத வாயு மூடிய காரை நிரப்பியிருக்கிறது, அதைத்தான் இவ்வளவு நேரம் சுவாசித்திருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகளை உலுக்கினேன். அவள் கண் திறக்கவில்லை. நான் அலறியதும் லாரிக்காரர் பின்கதவைத் திறந்து அவளை வாரித் தூக்கிக்கொண்டு ரோட்டோரத்துக்கு ஓடினார். "பாப்பா, கண்ணத் தொறமா, கண்ணத் தொற" என்று கன்னத்தைத் தட்டினார். நான் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நாற்றக் காற்றில்தான் அவள் இருமினாள், வாந்தி எடுத்தாள், அப்புறம் அம்மா என்று அழுதாள்.

"இன்னாமா கீது அந்தப் பொட்டில?" என்று கேட்டார் அவர். நான் மகளின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க, "ஆஸ்பத்திரில ஒருவாட்டி காட்டிருங்கோ" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார். நான் பேர்கூடக் கேட்கவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை, ஆனால் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். அந்த லாரிக்காரர் எங்களைக் காப்பாற்ற வரவில்லை, திட்டத்தான் வந்தார். அவர் கொஞ்சம் பொறுமைசாலியாக இருந்திருந்தால் என் மகள் இன்று இருந்திருக்க மாட்டாள் என்பதால், ரோட்டில் யார் ஹாரன் அடித்துக் கத்தினாலும் எனக்குக் கோபமே வருவதில்லை.