காற்றுக்கு எதிரே நின்ற நாய்

யுத்தம் முடிந்து வடக்குப் பாதை திறந்ததும் தில்லையடியில் எனக்குக் கை நிறைய வேலை வந்தது. லொறிகளின் பின்பலகையில் மலை, அருவி, பாயும் குதிரை என்று கேட்டதையெல்லாம் வர்ணத்தில் கீறிக் கொடுத்தேன். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த நாள்முதல் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிச் சீவித்த எனக்கு அது பெரிய முன்னேற்றம்.

அப்படி நான் கீறிய ஒரு குதிரையைப் பார்த்துவிட்டு, சிலாபப் பக்கத்துத் தென்னந்தோட்டக்காரர் ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். நரைத்த மீசை, அரைக் காற்சட்டை. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் என்னை 'நானா' என்றார்.

"நானா, என்ட நாயைக் கீறித் தருவீங்களா? சும்மா நாய் இல்ல. வேட்டை நாய்."

ஓம் என்றேன். மனைவிதான் யோசித்தாள்.

"கீறுங்க. ஆனா அது நக்கின சாரத்த உடுத்துக்கொண்டு படியேற வேணாம்."

மறுநாளே கிணற்றடியில் ஒரு வாளியும், கழுவுவதற்கு ஒரு சிரட்டை மண்ணும் வைத்துவிட்டாள். நாயின் எச்சில் பட்டால் மண் கரைத்துக் கழுவுவது எங்கள் மார்க்க முறை.

தோட்டத்துக்குப் போய் நாயைப் பார்த்தேன். பொயின்டர் இனப் பெட்டை. வெள்ளை உடம்பில் ஈரல் நிறப் புள்ளிகள். தோட்டக்காரர் தன் துவக்கை யுத்த காலத்தில் பொலிசில் ஒப்படைத்தவர், பிறகு திருப்பிக் கேட்கவேயில்லை. அதனால் அந்த நாய் வெடிச்சத்தமே கேட்டதில்லை. போர்ட்டிகோவில் படுத்துக் கிடந்த அதை அன்று மாலைக்குள் கீறி முடித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்கு," என்றார். "ஆனா இது சோறு திண்டுட்டுப் படுக்கிற நாய். வாங்க, என்ட நாயைக் காட்டுறன்."

களப்பு நீரோரத்துப் புல்வெளியில் சங்கிலியைக் கழற்றினார். நாய் வளைந்து வளைந்து ஓடியது. ஓரிடத்தில் சட்டென்று நின்றது. முன்கால் ஒன்று மடிந்து உயர்ந்தது, வால் கம்பியாய் நீண்டது, மூக்கு மட்டும் நடுங்கியது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். சற்றுப் பொறுத்து, புல்லுக்குள்ளிருந்து கவுதாரிகள் படபடவென்று எழுந்து பறந்தன. நாய் திரும்பி எங்களைப் பார்த்து, மெச்சச் சொல்வதுபோல் வாலை ஆட்டியது. சிரித்துவிட்டேன். துவக்கில்லாத வேட்டை அவ்வளவுதான்.

பிறகு பல காலைகள் போனேன். அது நிற்கும் சில நொடிகளுக்குள் ஒரு நாள் கால், இன்னொரு நாள் கழுத்து என்று பென்சிலால் பிடித்தேன். ஒரு முறை களப்பில் குளித்துவிட்டு வந்து என்மேல் உதறியது. அன்று சிரட்டை மண் முழுக்கச் செலவானது.

பலகையில் வர்ணம் தீட்டி முடித்துப் பெருமையோடு கொண்டுபோனேன். தோட்டக்காரர் நெடுநேரம் பார்த்தார்.

"நாய் அச்சு அசல். ஆனா நானா, காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

லொறிக் குதிரைக்கு வேகம் காட்டுவதுபோல, புல்லையெல்லாம் நாய் பார்க்கும் பக்கமாகவே சாய்த்திருந்தேன்.

"காத்து பின்னாலயிருந்து வந்தா இவளுக்கு எப்பிடி வாடை பிடிக்கும்? கவுதாரிதான் இவளைப் பிடிக்கும்."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். பலகையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து, புல்வெளி முழுவதையும் நாயை நோக்கிச் சாய்த்தேன். களப்பு நீரின் சுருக்கங்களையும், தூரத்துத் தென்னோலைகளையும் அப்படியே மாற்றினேன். ஈயென்று பல்லிளித்துக் கொண்டிருந்த படம் திடீரென்று உயிர்கொண்டது.

வர்ணம் காய முற்றத்தில் சாய்த்து வைத்திருந்தபோது மனைவி வந்து நின்றாள். படத்தில் நான் பறவை எதையும் கீறவில்லை. அவள் குனிந்து புல்லுக்குள் தேடினாள்.

"இதுக்குள்ள என்ன ஒளிச்சு இருக்கு?"

"ஒண்டுமில்லையே."

"பொய். அது பார்த்துக்கொண்டெல்லோ நிக்குது."

ஆயுளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு நிகரானது வேறில்லை. தோட்டக்காரர் படத்தைத் தன் விறாந்தையில் மாட்டினார். அதைப் பார்த்த அவருடைய சிநேகிதர் ஒருவர், தன் இரண்டு நாய்களையும் சேர்த்துக் கீறச் சொன்னார். மனைவி கிணற்றடிக்கு இன்னும் இரண்டு சிரட்டை மண் கொண்டுவந்து வைத்தாள்.