நாலரை மணிக்கு அணைந்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும், சூடேறிய கரிசல் புழுதியின் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. எத்தனை துணி போட்டு மூடினாலும் கோவில்பட்டியின் கோடைக்காற்று அதற்குள் ஒரு கைப்பிடி மண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அக்கா பிரஷால் அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்புப் படித்த நான் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

அக்கா தீப்பெட்டி லேபிள் வரைவாள். மயிலும் கிளியும் அவள் திரையில் அப்படியே உயிரோடு நிற்கும். ஆனால் ஒரு நிறத்தை மாற்றினால் போதும், கம்ப்யூட்டரின் மூளையான அந்தப் பழைய பிராசசர் "மலைச்சுப்போய்" அசையாமல் கிடக்கும். திங்கட்கிழமை காலைக்குள் மூன்று லேபிள் முடித்துக் கொடுத்தால் வேலை என்று ஒரு "தீப்பெட்டி ஆபீஸ்" (எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்) முதலாளி சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிப்போடுவதாக அப்பாவும் ஒப்புக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் வேகமான பிராசசர் ஒன்றை வாங்கிவந்திருந்தாள்.

எங்கள் பழைய மதர்போர்டுக்குப் புதிய பிராசசரை அடையாளம் தெரியாது. பழைய பிராசசர் இருக்கும்போதே போர்டை எழுப்பிவிடும் "பயாஸ்" என்ற புரோகிராமைப் புதிதாக ஏற்றிவிட வேண்டும், நடுவில் கரண்டு போனால் போர்டு செத்துவிடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். அதனால், மின்வெட்டு முடியும்வரை காத்திருந்து, ஞாயிறு மாலை தொடங்கினாள். அன்று கரண்டு எங்களை ஏமாற்றவில்லை.

பயாஸ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கோடு திரையில் பாதிவரை வளர்ந்திருந்தது. அப்பா உள்ளே வந்து என்னிடம் மணி கேட்டார். "நாலு இருபத்தெட்டுப்பா, ரெண்டு நிமிஷத்துல ராகு காலம்" என்று காலண்டரையும் பார்த்துச் சமர்த்தாகச் சொன்னேன். அந்தச் சமர்த்தை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

"ஏட்டி, நிப்பாட்டு அத" என்றார் அப்பா.

"இப்ப அணைக்கக் கூடாதுப்பா. அஞ்சு நிமிஷத்துல அதுவே அணைஞ்சு புதுசா எந்திரிச்சிரும்."

அந்தப் "புதுசா" தான் அப்பாவைப் பயமுறுத்தியது. "புதுசா எந்திரிக்கது ராகு காலத்துலயா? வெளங்குமா? ஆறு மணிக்கு மேல போட்டுக்கிடுவோம்" என்றபடியே சுவிட்சை அணைத்துவிட்டார். அக்கா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

ஆறு மணிக்கு அப்பாவே சூடம் காட்டி சுவிட்சைப் போட்டார். காற்றாடி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் எல்லாம் பூட்டு. திங்கட்கிழமை வெறுங்கையோடு போன அக்காவை முதலாளி உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஆவணியில் கல்யாணம் முடிந்தது.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் இல்லை. பழைய இரும்புக்குப் போய்விட்டது. அக்கா புதியம்புத்தூரில் ஒரு தையல் யூனிட்டில் சட்டைகளுக்குக் காலர் அடிக்கிறாள். மயில் வரைந்து தரச் சொல்லி அவள் மகள் கேட்டால், "எனக்கு அதெல்லாம் வராது" என்கிறாள். அதைக் கேட்கும்போது எனக்கு அப்பாவின்மேல் வருகிற கோபம் இன்னும் ஆறவில்லை.

போன மாதம் எல்லோரும் வீட்டில் கூடியிருந்தோம். அப்பாவின் செல்போன் தானாக அப்டேட் ஆகத் தொடங்கியது. "யாரும் தொட்ராதீய, பாதியில அணைச்சா போனு செத்துரும்" என்று பேரப்பிள்ளைகளை விரட்டினார்.

"அன்னைக்கு என் கம்ப்யூட்டருக்கும் இந்த அஞ்சு நிமிஷத்தக் குடுத்திருக்கலாமேப்பா" என்றாள் அக்கா.

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் கம்ப்யூட்டரும்மா?" என்றார்.