அறிவியல் பீரோவுக்குக் குலவை

சிவபாண்டி குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதற்கு அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருக்கிறது. அதை லேமினேட் செய்து வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறான், கரண்டு கணக்கெடுக்க வருகிறவரும் வாசித்துவிட்டுத்தான் மீட்டரைப் பார்க்க முடியும். பி.எஸ்சி. தாவரவியல், பி.எட். எழுமலைக்குப் பக்கத்தில் பத்தொன்பது பிள்ளைகள் படிக்கும் தொடக்கப்பள்ளியில் தற்காலிக ஆசிரியர். ஒரு வருட வேலை. அது இந்த மாதத்தோடு முடிகிறது. வட்டாரக் கல்வி அலுவலர் பசுபதி வந்து வகுப்பைப் பார்த்து, தொடரலாம் என்று ஒரு வரி எழுதினால்தான் அடுத்த வருடம் உண்டு.

அவன் அறிவியலை வாயால் நடத்துவதில்லை. ஜவுளிக்கடை அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சோதனையைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தான். பிள்ளைகள் வாசிக்க வேண்டும், வாசித்ததை அப்படியே செய்ய வேண்டும். சாயங்காலம் அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சார் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் சட்டம்.

ஏழாம் அட்டை இப்படிச் சொன்னது: 'இரண்டு சட்டிகளில் தட்டாம்பயறு விதை. நன்றாகத் தண்ணீர் ஊற்று. ஒன்றை வெயிலில் வை. இன்னொன்றை இருட்டில் வைத்துப் பூட்டு. ஏழு நாள் முடியும்வரை திறக்காதே. இடையில் வெளிச்சம் பட்டால் முடிவு மாறிவிடும்.'

நாலாம் வகுப்பு தமிழ்வாணி இதைத் தன் அம்மா ஒச்சம்மாளுக்கு வாசித்தாள். ஒச்சம்மாள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. அம்மன் கோயில் திருவிழாவில், இருட்டறையில் பயறு வளர்த்துத் தலையில் சுமந்துபோய்க் கண்மாயில் கரைக்கும் முளைப்பாரியை முதலில் தூக்குகிறவளும் அவள்தான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு மற்ற அம்மாக்களைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலையில் சிவபாண்டி வந்தபோது, வகுப்பில் இருட்டுச் சட்டியைப் பூட்டி வைத்திருந்த இரும்பு பீரோவுக்கு வேப்பிலையும், திருவிழா தொடங்கும்போது கட்டுகிற மஞ்சள் காப்பும் கட்டிக் குங்குமம் வைத்திருந்தது.

"செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க சார்," என்றாள் ஒச்சம்மாள்.

"அக்கா, இது பாரி இல்ல. பாடம்."

"பாடத்த எதுக்கு சார் பூட்டி வச்சீக? பயறு, இருட்டு, ஏழு நாளு, தொறக்கக் கூடாது. அம்புட்டும் ஒங்க அட்டையிலதான இருக்கு? எம் மக ஒரு எழுத்து விடாம வாசிச்சா."

சிவபாண்டி செருப்பை வெளியே விட்டான். ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள் என்பதில் உள்ளூரச் சந்தோஷம் வேறு.

அன்றிலிருந்து சாயங்காலமானால் பள்ளி மைதானத்தில் கும்மி. சுண்டல் உண்டு என்பதால் வருகைப் பதிவேட்டில் ஆப்சென்டே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறிக்குழம்பு கொதித்தது. அவன் அம்மா மலையம்மாள் அவன் தட்டில் மட்டும் தயிர்ச்சோற்றைப் போட்டாள்.

"ஒச்சம்மா போன் பண்ணுச்சு. பாரி போட்டவரு கவிச்சி தொடக் கூடாதாம்ல?"

"நான் தாவரவியல் படிச்சவம்மா!"

"அதான், செடி சங்கதி ஒனக்குத் தெரியாதா? சாப்புடு."

ஆறாம் நாள் பசுபதி வந்தார். ஷூவைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். பீரோவைத் திறக்கச் சொன்னார். ஒச்சம்மாள் குறுக்கே நின்றாள்.

"நாளைக்குத்தான் சார் ஏழு."

"நான் ஆபீசர்ம்மா."

"இருந்துக்கங்க. அதுக்காகப் பாதியில பாக்குறதா?"

பசுபதி திரும்பினார். "என்ன சார் இது? வகுப்பா, கோயிலா?"

சிவபாண்டிக்கு அடுத்த வருட வேலை கண்ணெதிரே வாடுவது தெரிந்தது. வாயைத் திறக்காமல் அட்டையை நீட்டினான். தமிழ்வாணி எழுந்து வாசித்தாள்: "ஏழு நாள் முடியும்வரை திறக்காதே. இடையில் வெளிச்சம் பட்டால் முடிவு மாறிவிடும்."

பசுபதி அட்டையை வாங்கி இருபுறமும் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. "சரி, நாளைக்கு வாரேன்," என்றார்.

மறுநாள் அவர் ரப்பர் செருப்பில் வந்து, யாரும் சொல்லாமலே வாசலில் விட்டார். பீரோ திறந்தது. குலவையில் ஜன்னல் அதிர்ந்தது. உள்ளே பயறு ஒன்றரைச் சாண் உயரத்தில் மஞ்சளாய், நூல் நூலாய்ச் சாய்ந்து கிடந்தது. வெயிலில் வைத்தது நாலு விரல் உயரம்தான், ஆனால் கரும்பச்சை.

"எது உயரம்? எது பலம்? ஏன்?" என்று அட்டையின் பின்பக்கத்தை வாசித்த தமிழ்வாணி, இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். "பீரோவுல இருந்தது வெளிச்சத்தத் தேடி ஓடியிருக்கு சார். அதான் ஒசரம். தெம்பு இல்ல. இது நின்ன எடத்துலயே வெயில வச்சுச் சோறாக்கித் தின்னுருக்கு."

ஒச்சம்மாளின் முகம் மாறியது. "அப்ப இம்புட்டு வருசமா நாங்க தெம்பில்லாத செடியவா தலையில தூக்கிட்டுப் போனோம்?"

குலவையிட்ட பெண்கள் சட்டியை எட்டிப் பார்த்தார்கள்.

"தெம்பில்லாததத்தானம்மா தூக்கிட்டுப் போகணும்," என்றாள் மகள்.

ஒச்சம்மாள் யோசித்தாள். "சரியாத்தான் சொல்றா. எதுக்கும் ரெண்டையும் தூக்குங்கடி."

சட்டிகள் முன்னே போக, பதிவேட்டோடு பசுபதி வெறுங்காலில் பின்னே போனார். கண்மாயில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அதில் பயறைக் கரைத்துக்கொண்டிருக்கும்போதே கரையில் உட்கார்ந்து எழுதினார்: 'பிள்ளைகள் வாசிக்கிறார்கள், வாசித்ததைச் செய்கிறார்கள். ஊரும் செய்கிறது. ஆசிரியர் தொடரலாம்.'

சிவபாண்டி அதை மூன்று முறை வாசித்தான். லேமினேட் செய்ய முடியுமா என்று யோசனை போனது.

சேலை நுனியைப் பிழிந்தபடி ஒச்சம்மாள் கரையேறினாள். "சார், அடுத்த அட்டை எதப் பத்தி?"

"மழை எப்படிப் பெய்யுதுங்கிறதப் பத்திக்கா."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒச்சம்மாள் வற்றிப்போன கண்மாயை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அதுக்கு எப்ப சார் காப்புக் கட்டுறோம்?"